மருந்து ரூமின் எதிர்க் கதவு

கந்தக வாசம் கடைசிவரை கையைவிட்டுப் போகாத என் அப்பாவுக்கு,

போன வாரம் சிவகாசியில் ஒரு படம் பார்த்தேன். பத்திரிகை வேலையாகத்தான் போனேன். ஒரு சின்னப் பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய்ப் பட்டாசுக் கம்பெனிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவளை மீட்க அப்பன்காரன் தனியாளாகப் போகிறான். ஒவ்வொரு அடிக்கும் விசில் பறந்தது. அவன் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் ஓடிய இடத்தில்தான் விசில் நின்றது.

“ஏலே, செருப்பக் கழட்டிட்டுப் போலே!” என்று பின்வரிசையில் ஒரு பெண் கத்தினார்.

“சட்டையப் பாருக்கா, பாலியெஸ்டரு. வில்லன் எதுக்கு? இவனே பத்த வச்சிருவான்.”

தியேட்டரே சிரித்தது. பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நான் மட்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன்.

படம் முடிந்ததும் ரசிகர்களைப் பார்க்க இயக்குநர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். “அந்த இடத்துல ஏன் மேடம் சிரிச்சாங்க?” என்று என்னிடம் கேட்டார். அதை விளக்கப்போய், நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பா அப்பா?

எனக்கு அப்போது எட்டு வயது. விருதுநகரில் நீங்கள் வாங்கி வந்த சிவப்பு நைலான் பாவாடை. நடந்தால் சரசரக்கும். அதை உங்களிடம் உடுத்திக் காட்டத்தான் அம்மாவின் கையிலிருந்து தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தேன். சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் வேப்பமரத்தடியோடு நிற்க வேண்டும். அன்று நான் நிற்கவில்லை.

மருந்து ரூமுக்கு எதிரெதிரே இரண்டு கதவுகள். ஒன்றில் செருப்புக் காலோடு ஏறி நின்றேன். உள்ளே நீங்கள் மட்டும், கையில் சல்லடையோடு. சலித்த மருந்து நம் இருவருக்கும் நடுவே, வாசல்வரை சிந்திக் கிடந்தது. என் வலது கால் அதன்மேல் இருந்தது.

“அப்பா, பாவாடை!”

நிமிர்ந்தீர்கள். முகமெல்லாம் அலுமினியத் தூள். கண் மட்டும் தெரிந்தது.

“தாயி, அங்கனயே நில்லு. ஆடாத.”

காலை இழுத்திருந்தால் செருப்புக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே மருந்து உரசியிருக்கும். நைலான் உரசி ஏறிய மின்சாரம் ஒரு பொறியாக இறங்கியிருந்தாலும் போதும். சட்டி கைதவறி விழுந்திருந்தாலும் போதும். இதெல்லாம் பிற்பாடு நான் நிருபராகி, கருகிய அறைகளுக்கு முன்னால் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்று தெரிந்தது ஒன்றுதான்: உங்கள் குரல் அவ்வளவு மெதுவாக அதற்கு முன் இருந்ததே இல்லை.

“சட்டி கனக்குதுப்பா.”

“கனக்கட்டும். விட்றாத. எம்புட்டு நேரம் பிடிப்ப?”

“பத்து எண்ணுற வரைக்கும்.”

“இருவது எண்ணு தாயி. சத்தமா எண்ணு.”

சல்லடையைத் தரையில் வைத்தீர்கள், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல. பிறகு எனக்கு முதுகைக் காட்டி, எதிர்க் கதவு வழியாக வெளியே நடந்தீர்கள். ஓடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

என்னை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஏழு, எட்டு. இரண்டு கையாலும் பிடித்தேன். பதினொன்று. சட்டி முழங்காலில் இடித்தது. எண்ணுவதை நிறுத்தினால் நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று தோன்றியது. கண்ணீர் வாய்க்குள் இறங்க இறங்க எண்ணினேன்.

பதினாறில், பின்னாலிருந்து தலையோடு தண்ணீர் கொட்டியது. வெளியே தொட்டியில் கிடந்த தண்ணீர். பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு வாளி, என் கால் நின்ற இடத்தில். அப்புறம் உங்கள் இரண்டு கைகளும் இடுப்பைப் பிடித்து, கால் தேயாமல், நேர் மேலாகத் தூக்கின. வேப்பமரம்வரை நடந்தே சுமந்தீர்கள். இறக்கிவிட்டீர்கள். பிறகுதான் அறைந்தீர்கள்.

நான் அழுதுகொண்டிருக்க, நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து சட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்தீர்கள். ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை. கை ஆடி எல்லாம் மண்ணில் சிந்தியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அடியைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் பாவாடை இல்லை. கொஞ்ச நாள் கழித்து, அதே சிவப்பில் பருத்திப் பாவாடை வந்தது. எழுபது வயதைத் தாண்டி நெஞ்சுவலியில் வீட்டுக் கட்டிலில் நீங்கள் போகும்வரை அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நைலானை எங்கே போட்டீர்கள் அப்பா? பருத்தி வேட்டி தவிர வேறெதையும் இடுப்பில் சுற்றாமல் வேலைக்குப் போன நீங்கள், அதை எப்படி வாங்கினீர்கள்? பளபளப்பைப் பார்த்ததும் என் முகம்தான் ஞாபகத்துக்கு வந்ததா?

இப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் நான் பார்த்த ஒரு கம்பெனியில், மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கிறார்கள். அதைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் காலத்தில் அது இல்லை.

நேற்று இயக்குநர் சென்னையிலிருந்து பேசினார். அடுத்த படத்துக்கு நம் கதை வேண்டுமாம்.

“ஒரே ஒரு மாத்தம் மேடம். அப்பா அந்தப் பக்கக் கதவு வழியா போறது வேணாம். விட்டுட்டு ஓடிட்டார்னு ஜனங்க நினைச்சிடுவாங்க. பொண்ணை வாரித் தூக்கிட்டு ஓடட்டும். பின்னாடி ரூம் வெடிக்கட்டும்.”

விட்டுப் போனதாகத்தான் அன்று நானும் நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தப் படத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், அவர்களுடைய அப்பாக்களும் பார்ப்பார்கள். தீப் பிடித்துவிட்டால் ஓடத்தான் வேண்டும். பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் ஓடக் கூடாது. நாளை இன்னொரு பிள்ளை அதே மாதிரி வாசலில் வந்து நின்றால், அவள் அப்பனுக்கு எந்தக் காட்சி ஞாபகத்துக்கு வரும்?

“எங்கப்பா நடந்துதான் போவாரு சார். எதுவும் வெடிக்காது. அப்படின்னா எடுங்க,” என்றேன்.

“எதுவுமே வெடிக்கலேன்னா, கடைசியில காட்ட என்ன மேடம் இருக்கு?”

“நான் இருக்கேன்ல சார்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சொல்வாரா, தெரியாது. யார் வந்து கேட்டாலும், எவ்வளவு பெரிய திரையானாலும், உங்களை ஓட விட மாட்டேன் அப்பா.

பதினாறு எண்ணுவதற்குள் நீங்கள் திரும்பி வந்து தூக்கிய,
உங்கள் மகள் செல்வி