மதினி எடுத்த வானம்

மதினி,

இன்று காலையில் மழை பிடித்ததும், விறகு நனையாமலிருக்க அண்ணன் எதையோ இழுத்து வந்து மூடினார். போய்ப் பார்த்தால், உங்கள் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அதில் தலைகீழாகக் கிடக்கிறீர்கள். காற்றில் பறக்காமலிருக்க உங்கள் நெற்றிமேல் ஒரு செங்கல் வேறு. வந்த ஆத்திரத்தில் செங்கலைத் தூக்கி எறிந்தேன். கோழிக்கூண்டில் போய் விழுந்தது.

உங்கள் முகத்துக்குப் பின்னால் பனிமலை, பேர் தெரியாத வெளிநாட்டுப் பூக்கள், ஒரு ஜோடி அன்னம். மதுரையைத் தாண்டி நீங்கள் எங்கே போனீர்கள்? அந்த மதுரைக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனீர்கள்.

சிலமலையிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவோமே, அப்போது பின்கதவோரத்து இடத்துக்கு யாரும் உங்களோடு போட்டிக்கு வர மாட்டார்கள். குலுக்குகிற குலுக்கலில் இடுப்பு கழன்றுவிடும். நீங்கள் மட்டும் ஆசையாக உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போனை வெளியே நீட்டுவீர்கள். "யக்கா, கைய உள்ள இழுங்க! வளைவுல எவனாச்சும் அடிச்சிட்டுப் போயிருவான்" என்று டிரைவர் கத்துவார். "வானத்துல ஏதும் பட்டா வாங்கிப் போட்டிருக்கீகளா மதினி?" என்று நான் சீண்டுவேன்.

"நாள் பூராம் குனிஞ்சு மண்ணத்தான பாக்குறோம்? நிமுந்தா மரம் மறைக்குது. போக வரத்தானடி வானம்" என்பீர்கள்.

வாஸ்தவம்தான். ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கிறது. தலைக்கு மேலே நிழல்மரங்கள் மூடிக்கிடக்கும். சாயங்காலம் போடிமெட்டு இறக்கத்தில்தான் நமக்கு வானம் கண்ணில் படும். கேரளப் பக்கமிருந்து மேகம், பால் பொங்கி வழிகிற மாதிரி மலை விளிம்பைத் தாண்டி இறங்கும். நீங்கள் எடுத்த படங்களில் பாதி ஆடியிருக்கும், மீதியில் யாருடைய முந்தானையாவது குறுக்கே பறக்கும். "பாரேன், இது நேத்து உள்ளது இல்லடி" என்று காட்டுவீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. போடியில் ஃப்ளெக்ஸ் கடையில் நின்றுகொண்டு, "மதினி எடுத்த மேகத்தையே பின்னாடி போடுவோம்ண்ணே" என்று அண்ணனிடம் கெஞ்சினேன். "தெனம் பாத்துச் சலிச்ச மலைதானத்தா அது. செத்த பெறகாச்சும் அவ ஒரு நல்ல எடத்துல இருக்கட்டும்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

காரியம் முடிந்து உங்கள் செல்போனைக் கேட்டபோது வாயை மூட முடியவில்லை. "அதுல பூராம் மேகமாக் கெடந்துச்சு, போனு திணறுது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்றார், அதே போனில் கபடி பார்த்துக்கொண்டு. கண்டபடி பேசிவிட்டேன். இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவருக்கு, நீங்கள் அப்படி என்னத்தைத்தான் பார்த்தீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையே! சிரிப்பாரோ என்று நீங்களும் காட்டவில்லை.

இன்று மழை விட்டதும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா, அவ எடுத்தது ஒங்கிட்ட ஏதும் கெடக்கா? ஒண்ணே ஒண்ணு இருந்தாக் குடு. பாக்கணும்போல இருக்கு."

நீங்கள் எனக்கு அனுப்பிய படங்கள் அத்தனையும் என் போனில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் விடவில்லை.

"இல்லண்ணே. நானும் அழிச்சிட்டேன்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்கள். என்னால் முடியவில்லை மதினி. உங்கள் மேகங்களை வைத்திருக்கிறேன், அண்ணன் மேலுள்ள கோபத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டில் எதையும் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.