பட்டியலில் விடுபட்ட கேத்லீன்

அன்பு மகள் எலைனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், மழையும் என் முட்டிவலியும்தான் விடவில்லை. டப்ளினில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம், மறைக்க மாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு வாசிக்கும் பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்த நீ ஒரு சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி அனுப்பினாயே, அது உன் தங்கச்சி கேத்லீனின் பெயரை அழித்துவிட்டது. போனில் நான் லிஸ்ட் தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, டூப்ளிகேட் தானேப்பா, திரும்பச் சேர்த்துடலாம்லா என்றாய். போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். யாரடி டூப்ளிகேட்? பதினொரு நாள் உயிரோடு இருந்த பிள்ளை.

நம் எஸ்டேட் கல்லறையில் பெயரை மட்டும்தான் வாசிப்போம், ஊர், அப்பா பெயர் ஒன்றும் கிடையாது, பெயர் வந்ததும் அந்த வீட்டார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், இது உனக்குத் தெரியாததா? அந்தக் காலத்து ஃபாதர்கள் இருந்த நாலு பெயரையே எல்லோருக்கும் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று வரி ஒற்றை விரலால் தட்டி வைத்திருந்தேன். உன் புரோகிராம் ஃபைலைப் படித்து, அகர வரிசையில் அடுக்கி, ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டு, அதே ஃபைலின் மேலேயே எழுதிவிட்டது, பழையதும் போச்சு. நான் ஒரு மடையன், முப்பது வருடம் ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன், வரியை எண்ணிப் பார்க்காமல் அழகாக இருக்கிறதே என்று பிரிண்ட் எடுத்து, பெயர் வாசிக்கும் உபதேசியார் எட்ரியன் கையில் கொடுத்தேன். நூற்று இருபத்தெட்டுதான் இருந்தது.

திருநாளன்று கல்லறையில் மூன்று அந்தோணிக்கு ஒரு அந்தோணி வந்தார், இரண்டு வீட்டார் என்னை முறைத்தார்கள். கேத்லீன் என்றதும் ரிங்லெட் ஊர் மெல்வின், அதே பெயருள்ள தன் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். அடுத்தது நம்முடையது என்று நான் தீப்பெட்டியை எடுத்தால், எட்ரியன் சவரிமுத்து என்று போய்விட்டார். பிள்ளையை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து இந்த இருபத்தாறு வருடமாக உன் அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, நாமும் அவள் முன்னால் சொன்னதில்லை. அவள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். எட்ரியன், நில்லுங்க, இன்னொரு கேத்லீன் இருக்கா, எங்க பிள்ள, அவ பேரயும் வாசிங்க என்றாள். அவர் வாசித்தார். அம்மா என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் தானே ஏற்றினாள்.

புரோகிராமைத் திருத்தி அனுப்பு. ஒரே வரி எத்தனை முறை வந்தாலும் அத்தனையும் எழுதட்டும், அதுவும் வேறு ஃபைலில் எழுதட்டும், பழையதைத் தொடக் கூடாது. விடுபட்ட மற்றவர்களை நானே வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போடு. தங்கச்சியைப் பற்றிப் பேசு, பெயரைச் சொல்லியே பேசு. அம்மா அதற்குக் காத்திருக்கிறாள்.

கோபம் தீராத உன் அப்பா,
ஆர்தர்