எந்த மாதம் என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, நேற்று பபேடான் கோயில் மண்டபத்தில் மைக்கைக் கையில் வாங்கினேன். அதன் பஞ்சு உறையில் அதே வெற்றிலைப் பாக்கு வாடை. பன்னிரண்டு வருடமாக உறையைக்கூட மாற்றவில்லை நம் ஆட்கள். வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவரிடம் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். படுகிறேன்.

நேற்று வந்தவரும் மேலவை உறுப்பினர்தான். ஆள் வேறு, பேச்சு அதே. நாட்டின் கொள்கை, கல்வி, எல்லா இனத்தாரும் ஒரே குடும்பம். அவர் பர்மிய மொழியில் பேசப் பேச, நான் பக்கத்தில் நின்று பெரியவர்களுக்காகத் தமிழில் சொன்னேன். மின்சாரக் கொள்கைக்கு வந்தபோது மின்விசிறி நின்றது. மிச்சத்தை ஜெனரேட்டர் போட்டுத்தான் கேட்டோம்.

பசுந்தாங் வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, வானொலியில் வரும் இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்வீர்கள். "அவருக்குக் கேக்காதுதான். எனக்குத் தொண்டை சுத்தமாவுதுல்ல" என்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் பன்னிரண்டு வருடத்துக்கு முன், முதல் உறுப்பினர் இதே மண்டபத்துக்கு வந்த அன்றைக்கு, நேருக்கு நேர் எழுந்து நின்றீர்கள். பர்மிய மொழி உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். இருந்தும் நம் ஆட்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டீர்கள்.

"எங்கப்பா இங்கதான் பொறந்தாரு. நானும் இங்கதான் பொறந்தேன். எம் மவளுக்கு மட்டும் ஏன் குடியுரிமை அட்டை இல்ல? அது இல்லாம காலேஜுல சேக்க மாட்டேங்கிறாங்க. எந்த மாசம் குடுப்பீங்க? மாசத்தச் சொல்லுங்க."

அன்றைக்கும் மொழிபெயர்த்தது நான்தான். மண்டபமே என்னைப் பார்த்தது. நான் பயந்தாங்கொள்ளி. இந்த அம்மாள் தம் மகளின் அட்டை விஷயத்தில் ஐயா கருணை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார் என்றேன். அவர் சிரித்து, கவனிக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் என் பக்குவத்தை மெச்சினார்கள். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வாயைத் திறந்தீர்கள். "நான் மாசத்தக் கேட்டேன். நீ கருணையக் கேட்ட."

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அத்தன பேரு முன்னால உன்ன எப்படிடி விட்டுக்குடுக்கறது?"

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பர்மிய மொழியில் நீங்களே ஒரு வரி திருத்தியிருக்கலாம். மகளின் படிப்பைவிட என் மானமா பெரிது? அட்டை வரவில்லை. அவள் மாவ்பி சந்தையில் காய்கறி விற்கப் போனாள். எனக்கு என் மேல் இருக்கும் கோபத்தைத்தான் உங்கள் மேல் இறக்கி வைக்கிறேன் என்பது எனக்கும் தெரியும்.

நேற்று கேள்வி நேரத்தில் யாரும் எழவில்லை. நானே கேட்டேன், பர்மிய மொழியில், உங்கள் கேள்வியை, மாதத்தோடு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல கேள்வி, உரியவர்களுக்குத் தெரிவிக்கிறேன் என்றார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியதும் நான்தானே. "மாதம் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்றேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் சிரித்தார். இந்த முறை கைதட்டல் இல்லை. கமிட்டித் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு இனிமே எதுக்கு சித்தி? எம் சின்ன மவளுக்குப் பத்து வயசாச்சு. இந்த வயசுல குடுக்கற அட்டை அவளுக்கும் இல்லன்னுட்டாங்க. அடுத்த தடவ அவ பேரச் சொல்லிக் கேளுங்க."

அடுத்த முறை மொழிபெயர்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள், அக்கா. அதை அவளிடம் சொல்லவில்லை. சரிம்மா, கேக்கறேன் என்றேன்.