உப்புத் தண்ணீரின் பிள்ளைகள்

2024 நவம்பர் 12, செவ்வாய்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நின்றுகொண்டே பயணம். ஆனாலும் சந்தோஷம். நாற்பது தொட்டியிலும் நெல் முளைத்துவிட்டது. பாதி, உப்புத் தண்ணீரில் தவித்த தாய்ச் செடிகளின் விதை. மீதி, நல்ல தண்ணீர் குடித்தவற்றின் விதை. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது ராபர்ட், “அப்ப ஜீன் மாறிப்போவுதா?” என்றார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி முதல் கேள்வி! ஜீன் மாறாது, எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதன்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள்தான் மாறும், அவை விதை வழியாகப் பிள்ளைக்கும் போகின்றனவா என்று பார்க்கிறேன் என்றேன்.

“வீடு அதே வீடு. எந்த ரூம்ல லைட்டு எரியுதுன்றதுதான் வேற. அப்படித்தான?”

ஆய்வேட்டு முன்னுரையை இவரிடமே கொடுத்துவிடலாம்.

நவம்பர் 30

புயல். பஸ் இல்லை. செடிகள்?

டிசம்பர் 2

போச்சு. நிழல்வலைக் குடில்ல தொட்டியெல்லாம் உருண்டு கெடக்குது. செடி உயிரோடதான் இருக்குது, லேபிள் ஒண்ணுகூட இல்ல. எது எந்தத் தாயோட பிள்ளைன்னு எப்படிச் சொல்றது? மிச்ச விதையும் கிடையாது. ரெண்டு வருஷ வேலை—

கைடு மணவாளன் சார் ஒரு தொட்டியை நிமிர்த்தி வைத்தார். “வேற வழி இல்லம்மா. தாய்ச் செடிலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க.”

டிசம்பர் 4

பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டும்போது தோன்றியது. தாய்ச் செடிகளின் இலை ஃப்ரீசரில் இருக்கிறதே! தொட்டிகளுக்குப் புது எண் போட்டு, ஒவ்வொரு நாற்றிலும் ஓர் இலைத்துண்டு கிள்ளி, அதன் குறிகளைத் தாய்களின் குறிகளோடு ஒப்பிட்டால்? அப்புறம் எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றினால்? உப்பில் தவித்த தாயின் பிள்ளை தாங்க வேண்டும், மற்றது வாட வேண்டும். குறி சொல்வதும் செடி செய்வதும் ஒத்துப்போனால் லேபிள் எதற்கு?

லேப் தோழி எழிலரசி குதித்தாள். “நான் ஊத்துறேன்டி. ஆனா எது வாடுச்சுன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். குறியைப் பார்த்து நீதான் சொல்லணும்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “இது முன்னதவிடக் கஷ்டமான பரீட்சையாச்சே.”

வேண்டாம் என்று சொல்லவில்லை!

டிசம்பர் 26

எழில் குடில் பக்கமே விடுவதில்லை. கிறிஸ்துமஸ் கேக் கொடுத்துப் பார்த்தேன். கேக்குக்கு மட்டும் வாய் திறந்தாள்.

2025 ஜனவரி 20

இலைத்துண்டுகளின் குறிகளைப் படிக்க அனுப்பிய சீக்வென்சிங் முடிவு இன்னும் வரவில்லை. பொங்கல் கரும்பு தின்று நாக்கெல்லாம் புண்.

பிப்ரவரி 18

வந்துவிட்டது. நாற்றுகள் அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. சார் முன்னால் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.

“பன்னெண்டு, தாங்கியிருக்கும்.”

“தாங்குச்சு,” என்றாள் எழில்.

“பதிமூணு, வாடியிருக்கும்.”

“வாடுச்சு.”

மூன்று தொட்டிகளில் மட்டும் தவறினேன். கடைசி எண்ணுக்கு எழில் கத்திய கத்தலில் பக்கத்து லேபிலிருந்து ஓடிவந்தார்கள். சார் வெளியே போய் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் சொல்லிவிட்டு வந்தார். “தப்புன மூணும் ஏன்னு பாருங்க. அதையும் எழுதணும்.”

ராபர்ட்டுக்கு போன் செய்தால் அழுகைதான் வருகிறது.

“எல்லாம் வாடிப்போச்சா?”

“இல்லீங்க... சரியா வந்துடுச்சு.”

“அதுக்கா அழுவுற?”

ஜூன் 4, புதன்

வீட்டிலேயே உட்கார்ந்து ஆய்வேடு எழுதத் தொடங்கினேன். தலைப்பு, கீழே என் பெயர் ‘ஜெயராணி’, அதற்குக் கீழே சார் பெயர். அதற்குள் மாலையாகிவிட்டது. ராபர்ட் எட்டிப் பார்த்தார். “பேருக்கு முன்னாடி டாக்டர் போடலியா?”

இன்னும் இல்லை என்றேன். கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.