சிவப்பு யானைகளைப் பார்க்கப் போகாத மச்சாளுக்கு

என் அன்புள்ள மச்சாள்,

இதை வாசிக்க நீங்கள் இல்லை. தெரியும். ஆனாலும் உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வேறு வழி இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் நீங்கள் சண்டைக்கு வந்ததே கிடையாது. நான் குரலை உயர்த்தினால், "சரி விடும் றெஜினா, தேத்தண்ணி குடிப்பம்" என்று கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவீர்கள். இன்றைக்கு நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிறு உங்களுடைய முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. லண்டனில் மிட்சம், ஹவுன்ஸ்லோ, செவன் கிங்ஸ் எல்லா இடத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன் உங்கள் தம்பி, என்னுடைய மனிசன், எழுந்து பேசினார். "எங்கடை அக்கா தனக்கெண்டு ஒரு ஆசையும் இல்லாமல் வாழ்ந்தவ. மெழுகுதிரி மாதிரி எரிஞ்சு எங்களுக்கு வெளிச்சம் தந்தவ" என்றார். சனம் தலையாட்டியது. இரண்டொருவர் மூக்கைச் சிந்தினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது மச்சாள். உங்களுக்கோ ஆசை இல்லை?

விமான நிலையத்துப் புத்தகக் கடையில் நின்று, நைரோபிக்குப் போகிறவர்களுக்கு இனிப்பும் பத்திரிகையும் விற்றவர் நீங்கள். லண்டனில் வந்து இறங்கிய பிறகு ஒரு விமானத்திலும் ஏறாமல், ஒவ்வொரு நாளும் அந்த விமான நிலையத்துக்குப் போய்வந்தவர். உங்கள் அறையில் அலுமாரிக் கதவின் உட்பக்கம் கென்யாவின் வரைபடம் ஒட்டியிருந்தது. உங்கள் தம்பிமாரில் ஒருவராவது அந்தக் கதவைத் திறந்து பார்த்தார்களா?

நாங்கள் இரண்டு பேரும் உங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து போட்ட திட்டம் எனக்கு இன்னும் மனப்பாடம். சின்னப் பயணம்தான், ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கூட. முதலில் சாவோ காடு. அங்கே யானைகள் செம்மண்ணை அள்ளிப் பூசிச் சிவப்பாக நிற்குமாம். பிறகு ரயிலில் மொம்பாசா. அங்கே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. அதற்குப் பிறகு, காடு மூடிப்போன பழைய கல் நகரம் ஒன்று.

"கோட்டைக்கு அரை நாள் காணும் மச்சாள். சிங்கத்துக்கு ஒரு நாளைக் கூட்டுங்கோ" என்பேன் நான்.

"காணாது. மன்னாரிலை கோட்டை கட்டின அதே ஆக்கள்தான் அங்கையும் கட்டினவை. எங்கடை கோட்டைக்குள்ளை ஆமிக்காரர் நிக்கினம். அங்கை டிக்கெட் எடுத்தால் உள்ளுக்குப் போகலாமாம், றெஜினா. சும்மா சுத்திப் பாக்கலாமாம்." அதைச் சொல்லும்போது உங்கள் முகம் இருந்த விதம்! பிறகு மன்னார்ப் பெருக்க மரத்தின் கதை தொடங்கும். அரபிக்காரர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரமாம். "அதின்ரை சொந்தக்காரரையும் ஒருக்கால் பாத்திட்டு வருவம்" என்று சிரிப்பீர்கள்.

ஆசை இல்லாதவர் பேசுகிற பேச்சா இது?

உங்கள் தம்பியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "யானை பாக்க ஆபிரிக்காவுக்கோ? மடுக் கோயிலுக்குப் போற வழியிலை பாக்காத யானையோ? ரெண்டு பொம்பிளையள் தனியக் காட்டுக்குப் போறதெண்டால் சனம் என்ன கதைக்கும்?" அடுத்த லீவு நாளே எங்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனார். சிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. "பாத்தாச்சுத்தானே அக்கா?" என்று கேட்டார். நீங்கள் "ஓம் தம்பி, நல்லாயிருக்கு" என்றீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

ஆனாலும் நாங்கள் விடவில்லை. டிக்கெட் பதிந்தோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, கை வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தோம். நீங்கள் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினீர்கள்.

அப்போதுதான் உங்கள் மற்றத் தம்பி அன்ரன் செவன் கிங்ஸிலிருந்து போன் எடுத்தார். மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்திய வீட்டுக்கு மண்டபம் அந்தக் கிழமைதான் கிடைத்ததாம். "மாமி நீங்கள் நிக்காமல் எப்பிடி அக்கா செய்யிறது? சனம் கேக்கும்." நான் போனைப் பறித்து, "நாங்கள் பயணம் போறது உங்களுக்குத் தெரியாதோ? வேறை நாள் பாருங்கோ" என்றேன். நீங்கள் என் கையிலிருந்து போனை வாங்கி, "ஓம் தம்பி, நான் நிப்பன்" என்றீர்கள். என்னிடம் திரும்பி, "சிங்கம் எங்கையும் ஓடாது. அடுத்த மாசிக்குப் போவம்" என்றீர்கள்.

ஏன் மச்சாள்? கடையில் களவெடுத்தவனைக் கார் தரிப்பிடம் வரைக்கும் துரத்திப் பிடித்தவர் நீங்கள். தம்பிமாரிடம் மட்டும் "ஏலாது" என்று ஒரு சொல் ஏன் வாயில் வரவில்லை?

அந்தச் சாமத்திய வீட்டில் என்ன நடந்தது? நீங்கள் பட்டுச் சேலையோடு ஆலாத்தித் தட்டில் கை வைத்தீர்கள். அன்ரனின் மனைவி வந்து மெதுவாகச் சொன்னார்: "குறை நினைக்காதையுங்கோ மச்சாள். கலியாணம் கட்டாதவை ஆலாத்தி எடுக்கிறேல்லை எண்டு அம்மா சொல்லுறா." மாமி இல்லாமல் நடக்காது என்றவர்கள்! உங்களுக்குக் கிடைத்த இடம் மண்டபத்தின் குசினி அடுப்படிதான். மத்தியானம் முழுக்க ரோல்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றீர்கள். நான் உள்ளே வந்து, "வாங்கோ, வீட்டை போவம்" என்றேன். "பிள்ளையின்ரை நாளைக் குழப்பாதையும்" என்றீர்கள். அந்த நேரம் நாங்கள் சாவோவில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மாசி வருவதற்கு முதல் இருமல் வந்தது. பிறகு ஆஸ்பத்திரி. கடைசிக் கிழமையில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அந்த யானை குளிக்கிற படத்தைக் காட்டும்" என்று கேட்டீர்கள். நாங்கள் பயணத்துக்கென்று வாங்கிய புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். கன நேரம் பார்த்தீர்கள். உங்கள் தம்பி அடுத்த கதிரையில் இருந்து, உங்களுக்கென்று வந்த திராட்சைப் பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் போன ஞாயிறு எழுந்து உங்களை மெழுகுதிரி என்று சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? எழும்பிவிட்டேன்.

"அவவுக்கு ஆசை இருந்தது" என்றேன். "ஆபிரிக்காவுக்குப் போக ஆசை இருந்தது. நீங்கள் விடேல்லை."

அன்ரன், "றெஜினா, இது அதுக்கான இடமில்லை" என்றார்.

"அவவைக் குசினிக்குள்ளை நிப்பாட்டினீங்களே, அது மட்டும் இடமோ?"

சுவாமியார் பாவம், "சாப்பாட்டுச் செபம் சொல்லுவம்" என்று தொடங்கினார். அன்ரனின் மகள், அந்தச் சாமத்திய வீட்டுப் பிள்ளை, தாயைப் பார்த்து, "மாமி எனக்காகவோ ட்ரிப்பை கான்சல் பண்ணினவ?" என்று கேட்டாள். சனம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது.

உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். "அவ பகிடிக்குச் சொல்லுறா எண்டுதான் நான் நினைச்சனான்" என்றார்.

"ஊசியும் போட்டு, சப்பாத்தும் வாங்கினது பகிடியோ?"

அவர் அழுதார். நான் தேற்றவில்லை மச்சாள். உங்களுக்கு இது பிடிக்காது, தெரியும். பிடிக்காவிட்டால் போகட்டும்.

அதற்கு மூன்றாம் நாள் நான் தனியே பஸ் எடுத்து ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன், நாங்கள் முன்பு டிக்கெட் பதிந்த அதே கடைக்கு. கடைக்காரர், மொம்பாசாவில் பிறந்து வளர்ந்த குஜராத்திக்காரர், என்னை மறக்கவில்லை. "உங்களோடு வந்த மற்ற அம்மா எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டார். பிறகு அந்த மொம்பாசாக் கோட்டையைப் பற்றிச் சொன்னார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அது சிறைச்சாலையாம். அந்தப் பக்கம் போகவே பயமாம், தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால்தான் போவார்களாம். "இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு உள்ளே ஓடித் திரிகிறார்கள்" என்றார்.

அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. மற்றவர்களின் கோட்டைகளெல்லாம் வேடிக்கை பார்க்கிற இடமாகிவிட்டன. எங்களுடையதற்கு எப்போது டிக்கெட் விற்பார்கள்? நீங்கள் இருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள்.

டிக்கெட் பதிந்துவிட்டேன். ஒரு ஆளுக்குத்தான். நேற்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் தம்பி, "நானும் வாறன். உன்னைத் தனிய விடேலாது" என்றார். "விடேலும். விட்டுப் பழகுங்கோ" என்றேன். காலையில் பார்த்தால், பரணில் கிடந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி துடைத்து வைத்திருக்கிறார். அதற்காக நான் இன்னும் முழுதாக இளகிவிடவில்லை. ஆனால் பெட்டி நல்ல பெட்டிதான். கொண்டுபோவேன்.

அன்ரனின் மனைவி போன் எடுத்தார். "மச்சாளின்ரை ஆத்துமா சாந்தியடையத்தான் போறீங்களாக்கும்" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். நான் உங்களுக்காகப் போகவில்லை. உங்களுக்காகப் போனால் என்னையும் ஒருநாள் தியாகி ஆக்கி, மண்டபம் எடுத்துப் பேசுவார்கள். நான் போவது எனக்குச் சிங்கம் பார்க்க ஆசை என்பதால்தான். கோட்டைக்கும் இரண்டு நாள் வைத்திருக்கிறேன். அது நீங்கள் சொல்லிச் சொல்லி இப்போது என் ஆசையாகவே ஆகிவிட்டது.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன் மச்சாள். அந்தக் கிழமையில் யார் வீட்டில் கலியாணம் வைத்தாலும், யார் தலையிடி காய்ச்சலில் படுத்தாலும், சொந்தபந்தம் முழுக்க வாசலில் வந்து நின்றாலும் நான் விமானத்தில் ஏறுவேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் "எனக்கு ஆசையாய்க் கிடக்கு, போறன்" என்று உரத்துச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் தம்பி பெண்சாதி, உங்கள் மச்சாள்,
றெஜினா