முட்டைக்கு வைத்த குங்குமம்

காஞ்சிபுரம்
24-8-2001, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. காமாட்சி புண்ணியத்துல இங்க எல்லாரும் கை கால் சுகத்தோட இருக்கோம், லக்னோவுல நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும். ஆமை முட்டை என்னாச்சுன்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் கேக்கறே. சொல்றேன். முட்டை எடுத்த அன்னிக்குப் பாலாத்துல நம்ம பக்கம் இருந்தவங்க நான், உன் அண்ணன் ஜெயக்குமார், அவன் பொண்டாட்டி அம்சவேணி, மண்வெட்டியோட பக்கத்து வீட்டு தர்மன், உன் சித்தப்பா ராமலிங்கம். வேற யாரும் இல்லை.

பொங்கலுக்கு வந்தப்போ வாலாஜாபாத் பக்கத்து மணல் திட்டுல பாலாமை ஏறி வந்த தடத்தைக் காட்டினியே, பின்னங்காலால குழி பறிச்சு முட்டையிட்டு, மூடி, வயித்தால அமுக்கிட்டுப் போயிருக்குது, இனிமே சூடு கொடுக்கறது வெயிலோட வேலைன்னு சொன்னியே, அந்தத் திட்டை மாசிக் கடைசியில லாரியில அள்ள ஆரம்பிச்சாங்க. தர்மன் வந்து சொன்னதும் ஜெயக்குமார் தறியை அப்படியே விட்டுட்டு எழுந்தான், எல்லாரும் ஓடினோம். உள்ளே குஞ்சு மேல் ஓட்டுல ஒட்டிக்கினு இருக்கும், எடுக்கறதா இருந்தா மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்கணும், புரண்டா செத்துடும், பென்சிலால குறி வெச்சிட்டு எடுங்கன்னு நீ எழுதியிருந்தது எனக்கு எழுத்து மாறாம ஞாபகம். முட்டையோ கோலிக்குண்டு மாதிரி உருண்டை, தலை எது கால் எது தெரியாது. ஈரத்துல பென்சில் எழுதல. அம்சவேணி இடுப்புல இருந்து குங்குமச் சிமிழை எடுத்து ஒவ்வொரு முட்டைக்கும் உச்சியில பொட்டு வெச்சா. ரசம் வெக்கத் தெரியாத மருமகதான், ஆனா அன்னிக்கு ஒரு பொட்டுகூட கோணல. ஆமைக்கு வளைகாப்பா அக்கான்னு தர்மன் சிரிச்சான். உன் சித்தப்பா சிரிக்கல. அம்மன் கோயில் குங்குமத்தை முட்டைக்கு வெக்கறீங்களே, வெளங்குமா இந்தக் குடும்பம்னார்.

புழக்கடையில வெயில் விழற இடமாப் பார்த்து, ஆத்து மணலையே கொட்டி, பொட்டு மேலே இருக்கறபடி ஒவ்வொண்ணா வெச்சு மூடினோம். கீரிக்குப் பயந்து கம்பி வலையும் போட்டேன். பங்குனி உத்திரத்தன்னிக்கு நாங்க திருக்கல்யாணம் பார்க்கப் போயிருந்தோம். திரும்பி வந்தா உன் சித்தப்பா வாசல்லயே நிக்கறார். அண்ணி, தோஷத்தைக் கழுவிட்டேன், ஒண்ணுகூட உடையலன்னார். தோண்டி எடுத்து, குடத்துத் தண்ணியில குங்குமம் போகத் தேய்ச்சுக் கழுவி, திரும்பப் புதைச்சிருக்கார். பதனமாத்தான் வெச்சிருந்தார், மேல் எது கீழ் எதுன்னுதான் பார்க்கல. அம்சவேணி அழுதா. நான் அழல.

ஏதோ ஒண்ணு ரெண்டாவது நேரா விழுந்திருக்காதான்னு விட்டு வெச்சேன். மழை பேஞ்சு மண்ணு இளகினா குஞ்சு முட்டி வெளியே வரும்னு சொல்லியிருந்தியே, ஆடி மழையும் பேஞ்சுது, மணல் அசையல. போன வாரம் ஜெயக்குமாரை விட்டுத் தோண்டச் சொன்னேன். உடைச்சுப் பார்த்தா உள்ளே கட்டை விரல் நகம் அளவுல குஞ்சு, ஓடு கட்டத் தொடங்கி, நாலு காலும் தெரிஞ்சு, காஞ்சு ஒட்டிக்கினு இருக்குது. எல்லாம் அப்படித்தான். அந்தத் திட்டும் இப்ப இல்லை, பள்ளமா தண்ணி நிக்குது. அடுத்த தை மாசம் ஆமை வந்தா எங்க ஏறும்னு நீதான் சொல்லணும்.

கீரி தின்னுட்டுதுன்னு எழுதும்மா, சித்தப்பா மனசு நோகும்னு உன் அண்ணன் சொன்னான். கீரி என்ன பாவம் பண்ணுச்சு, அது மேல பழி போட? காஞ்சதை இலையில வெச்சு உன் சித்தப்பா எதிரிலேயே கொண்டுபோய்க் காட்டினேன். தெரியாம பண்ணிட்டேன் அண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பார்த்துட்டு, எல்லாம் அவன் செயல்னார். என் முருங்கை மரத்தைக் கேக்காம வெட்டினப்பவும் இதையேதான் சொன்னார்.

அங்க குளிர் வரப்போகுது, தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட வெளியே போகாதே. தீபாவளிக்கு டிக்கெட்டை இப்பவே போட்டுடு. உன் சித்தப்பாவுக்கு ஆறுதல் கடுதாசி எதுவும் எழுதிடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். ஜெயக்குமாருக்கும் அம்சவேணிக்கும் உண்டு, தர்மனுக்கும் உண்டு. வயித்துக்காக மண்ணு அள்ளினானே, பேர் தெரியாத அந்த லாரிக்காரன், அவனுக்கும் உண்டு. ராமலிங்கத்துக்கு இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா
தில்லையம்மாள்