அழிக்கப்பட்ட ஒன்பது வருடம்

மார்ச் 4, திங்கள்

யாவ் பாடு என் அக்காவின் வாழ்க்கையிலிருந்து என்னை அழித்துவிட்டான். சனிக்கிழமை, குமாசியில், அக்கா அச்சியாவின் அடக்கத்தில், கறுப்பும் சிவப்பும் உடுத்திய அறுநூறு பேர் முன்னால் சபைச் செயலாளர் நான் எழுதிக்கொடுத்த நினைவுப் புத்தகத்தை வாசித்தார்: "படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் அவரைத் தாங்கியவர் தம்பி யாவ் பாடு." நான் எழுதியது அதுவல்ல. என் பெயர் கடைசிப் பக்கத்தில், 'மற்ற உறவினர்' வரிசையில், பக்கத்து வீட்டுக்காரிக்கும் கீழே.

பதினொரு நாள், ஒற்றைக் கட்டைவிரலால், போனில் இதே குறிப்புச் செயலியில் தட்டியது. அச்சடிக்க வேண்டுமென்று அவன் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்து கொடுத்தேன். சித்தி மகன்தானே என்று.

கேட்டேன்.

"பிழை விழுந்திருக்கும்க்கா. மிஷின் செஞ்ச வேலை."

"மிஷினாடா அவளைக் குளிப்பாட்டுச்சு? மிஷினாடா கஞ்சி ஊட்டுச்சு?"

சிரிக்கிறான். ஒன்பது வருடத்தில் நான்கு முறை வந்தான். அதில் மூன்று முறை போட்டோ எடுக்க.

மார்ச் 5

செயலியில் 'பழைய பதிப்புகள்' என்று ஓர் இடம் இருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே குடைந்து கண்டுபிடித்தேன். நான் எழுதியது அப்படியே உயிரோடு இருக்கிறது. கீழே: பிப்ரவரி 20, காலை 11.10, கம்ப்யூட்டரிலிருந்து திருத்தம்.

அந்த நேரம் நான், அடக்கம் வரை அக்காவை வைத்திருந்த சவக்கிடங்கு வாசலில், பெஞ்சில்.

வெள்ளிக்கிழமை குடும்பத் தலைவர் நானா ஓபிரியிடம் காட்டுவேன். மாட்டினாய் தம்பி.

மார்ச் 8, வெள்ளி

"யாவ் நேத்தே காணிக்கையா ரெண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயத்தோட வந்துட்டான்" என்றார் நானா. "நீ ஏதோ பழைய பதிப்புன்னு காட்ட வருவியாம். நீயே தட்டி வச்சதாம். துக்கத்துல உனக்குப் புத்தி கலங்கிடுச்சுங்கிறான்."

போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அதே நாள், பேனாவில், பழைய காலண்டரின் முதுகில்

எனக்கா கலங்கிச்சு? யார்கிட்ட சொன்னேன் நான்? ஒருத்தர்கிட்டயும் இல்ல. போன்ல எழுதினதோட சரி —

அவன் கம்ப்யூட்டரில் என் கணக்கை நான் மூடவே இல்லை. இங்கே தட்டுவதெல்லாம் அடுத்த நொடி அங்கே போய் நிற்கிறது.

மூடப்போவதில்லை. படிக்கட்டும்.

மார்ச் 10, போனில்

சாகும் முன் அக்கா சொல்லச் சொல்ல எழுதி, கைரேகை வைத்த தாள் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. அவள் வீட்டுக் கோழிக்கூட்டில், வைக்கோலுக்கு அடியில், தகர டப்பாவில். செவ்வாய் காலை சந்தைக்குப் போகிறேன். புதன்கிழமை எடுத்து நானாவிடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 12, பேனாவில்

டப்பாவைப் பற்றிப் போனில் எழுதியதைத் தவிர வேறு எங்கும் சொல்லவில்லை என்று நேற்றே நானாவிடம் அதைக் காட்டிவிட்டேன். அரை மனதோடுதான் வந்தார். இன்று காலை அவரும் இரண்டு சித்திகளும் நானும் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால்.

பத்தரைக்கு வந்தான். நேராகக் கூட்டுக்குப் போய்த் தோள்வரை கையை விட்டான். சிவப்புக் கோழி நன்றாகக் கொத்தியது. டப்பாவைத் திறந்தான். உள்ளே அவன் அச்சடித்த 'மற்ற உறவினர்' பக்கம்.

"முட்டை வேணும்னா கேட்டிருக்கலாமேடா" என்றாள் பெரிய சித்தி.

நானா சிரிக்கவில்லை. "டப்பா இங்க இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கையில் ரத்தம்.

மார்ச் 13, போனில்

யாவ், நீ படிப்பாய். அதனால் தெளிவாக எழுதுகிறேன். ஓராண்டு நினைவு நாள் வரை காத்திருக்க மாட்டேன். வரும் ஞாயிறு, சபையில்.

யாவ் பாடு: என் பழைய பதிப்பை அப்படியே, ஓர் எழுத்து மாறாமல், அறுநூறு பிரதி அச்சடிக்க வேண்டும். உன் தாளில்.

அதைச் சபைச் செயலாளர் வாசிக்கக் கூடாது. நீயே ஏறி நின்று வாசிக்க வேண்டும். அந்த ஒன்பது வருடப் பகுதியை இரண்டு முறை.

நானா ஓபிரி: ஷ்னாப்ஸ் இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

சித்திகள்: வராதவர்களுக்குக் கோழிக் கதையைச் சொல்ல வேண்டும். ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்: முன்வரிசையில் உட்கார்ந்து, போனைத் திறந்து வைத்து, வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

கணக்கை மூட வேண்டியவர்: யாருமில்லை. திறந்தே இருக்கட்டும்.